நாலு நைலான் டயர்

"ரேடியல் டயரே போட்டுக்குங்க மாஸ்டர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டயர்க்கடைக்காரர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டார். டிராயிங் மாஸ்டர் அசைந்து கொடுக்கவில்லை. காலமெல்லாம் பள்ளிக்கூடத்து வால் பையன்களைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதர். ஒரு டயர்க்கடைக்காரருக்கா மசிவார்?

"எனக்கு நைலான்தான் வேணும். அந்தக் காலத்துல இந்த வண்டியில என்ன ஓடிச்சோ, அதே பழைய மாதிரி டயர்."

கடை நடுவே சக்கரங்கள் கழற்றப்பட்டுக் கட்டைமேல் நின்றிருந்தது அந்தக் கறுப்புக் கார். தாத்தா காலத்து வண்டி. துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கியிருந்தார் மாஸ்டர்.

"அன்னிக்கு வேற வழியில்ல, போட்டாங்க. நைலான் டயர் ரோட்டுல பள்ளம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தானும் போகும். ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டணும். மழை பெய்ஞ்சா பிரேக் சொன்ன பேச்சு கேட்காது. ரேடியல் பாருங்க, தொட்டில் மாதிரி போகும். சத்தமே இருக்காது!"

"அதனாலதான் வேணாங்கறேன். எனக்குச் சத்தம் வேணும்."

"நல்லா இருக்கே கதை! ஊர் உலகமே சத்தம் வேணாம்னு வருது. உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் வேறு யாருமில்லை.

"இது என் வண்டி இல்லப்பா. என் வீட்டுக்காரியோட முதல் புருஷன் ஓட்டினது."

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் அப்ப எதிர்வீட்டு மாடியில குடியிருந்தேன். ஒண்டிக்கட்டை. சாயங்காலம் இந்த வண்டி தெருமுனை திரும்பி சிமெண்ட் ரோட்டுல ஏறும். எஞ்சின் சத்தம் அப்புறம்தான். முதல்ல டயர்தான் 'ஊம்...'னு பாடும். அவ்வளவுதான், அவ போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடி வருவா. ஒரு நாள் பாதிப் பின்னலோட. ஒரு நாள் கொட்டற மழையில, கால்ல செருப்புகூட இல்லாம. வண்டி வந்து நிக்கறதுக்குள்ள ரெண்டு கேட்டும் அகலத் திறந்திருக்கும். ஓரமா நிப்பா."

"அடேயப்பா!"

"ஒரு மனுஷனுக்காக இப்படியும் ஒருத்தி ஓடி வருவாளான்னு ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். சத்தியமா சொல்றேன், வயிறு எரியும். வண்டி உள்ளே போனதும் கதவைச் சாத்திடுவாங்க. அதுக்கு மேல பார்க்கறது மரியாதையில்லைன்னு நானும் ஜன்னலைச் சாத்திடுவேன்."

பிறகு அந்த மனிதர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். வருஷங்கள் ஓடின. தலை நரைக்கிற வயதில் மாஸ்டர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். அவளும் சரி என்றாள். இப்போது அதே வீட்டில், அதே கேட்டுக்குள் குடித்தனம்.

"அப்புறம் என்ன மாஸ்டர் குறை?"

"குறைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். எனக்கு லேசாத் தலைவலின்னாகூடத் தவிச்சுப் போயிடுவா. ஆனா நான் ஸ்கூட்டர்ல வந்து இறங்கினா எந்திரிக்க மாட்டாப்பா. காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டே, 'கேட்டைச் சாத்திட்டு வாங்க'ன்னு குரல் மட்டும் வரும். அந்த ஓட்டம் எனக்கு வாய்க்கலே. ஒரே ஒரு நாள் எனக்காகவும் அவ அப்படி ஓடி வரணும். அது போதும்."

"வண்டியைப் பத்தி அவங்க என்ன சொல்றாங்க?"

"ஷெட் பக்கமே போக மாட்டா. 'வித்துத் தொலைங்க'ன்னுதான் பேச்சு. பார்த்தா மனசு தாங்கலே போல, பாவம். வித்தாச்சுன்னு பொய் சொல்லிட்டுத்தான் இங்க கொண்டுவந்தேன்."

கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எங்க வீட்டுல நான் போனா, கையில பை இருக்கான்னுதான் முதல்ல பார்ப்பாங்க. சரி, குடோன்ல ஒரு நைலான் செட் கிடக்கு. மாட்டித் தர்றேன். மெதுவா ஓட்டுங்க, ஆமா!"

சாயங்காலம் மாஸ்டர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியபடி வந்தார். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு இழுத்தது. அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. தெருமுனை திரும்பும்போது பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

சிமெண்ட் ரோட்டில் ஏறியதும் டயர்கள் பாட ஆரம்பித்தன.

வருவாளா? இத்தனை வருஷத்தில் மறந்திருப்பாளோ?

வீட்டுக் கதவு தடாலென்று திறந்தது. ஓடி வந்தாள்! ஒரு காலில்தான் செருப்பு. முடி நரைத்திருந்தது, ஓட்டம் அதே ஓட்டம். கேட் இரண்டையும் அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள்.

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துகொண்டு சின்னப் பையன்போலச் சிரித்தபடி இறங்கினார்.

"என்ன ஓட்டம்! எனக்குத்தானே?"

அவள் அவரைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.  கேட்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களா... சத்தம் கேட்டதும் காலு தானா ஓடிருச்சுங்க. வண்டி வர்றதுக்குள்ள கேட் திறந்திருக்கலேன்னா அன்னிக்கு அவர் என் முதுகுத் தோலை உரிச்சுடுவார்" என்றாள் மூச்சு வாங்க. "யார் வந்தாலும் எந்திரிக்காம உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்னுதானேங்க உங்களைக் கட்டிக்கிட்டேன்!"