காயம் ஆறிடுச்சா?

சண்டைக் காட்சியில், சர்க்கரையில் செய்த டம்மி பாட்டிலுக்குப் பதிலாக நிஜ பாட்டில் விலாஸின் தலையில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து டைரக்டர் பத்ரா தினமும் காலையில் போன் செய்துவிடுவார்.

"காயம் எப்படிம்மா இருக்கு? ஆறிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க சாப்" என்று சொல்லும்போதெல்லாம் விலாஸின் மனைவி ஷைலா போனையே கும்பிடுவாள். ஒரு துணை நடிகனுக்காக இப்படித் துடிக்கிற மனுஷன் மும்பையில் வேறு யார்? தையல் போட்டால் முகம் கெட்டுப்போகும் என்று டாக்டரையே தடுத்தவராயிற்றே!

மஞ்சளை அரைத்து அரைத்துப் பூசினாள். கணபதிக்கு மோதகம் நேர்ந்துகொண்டாள். பன்னிரண்டாம் நாள் புருஷனைக் கையோடு செட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினாள்.

"பாருங்க சாப், உங்க நல்ல மனசுக்குச் சுத்தமா ஆறிடுச்சு!"

பத்ராவின் முகம் தொங்கிப்போனது.

"அடப்பாவி! அந்த சீன்ல மீதியை இன்னிக்குத்தானேய்யா எடுக்கணும்?"

"மேக்கப்ல காயம் போட்டுடலாம் சார்" என்றான் உதவி டைரக்டர்.

"க்ளோசப்ல பல்லிளிச்சிடும். போய் பாட்டில் எடுத்துட்டு வா. இந்தத் தடவையும் நிஜ பாட்டிலா பாத்து எடு."

நெற்றியில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே விலாஸ் பணிவாகக் கேட்டான்:

"அதே எடத்துலதானே, சாப்?"