தட்டின் முதல் பக்கம்

இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்து நாளாகப் பஸ் இல்லை. வெள்ளிமலையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த தாஹிரா அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் அவள் புருஷன் ஹயாத் பாஷா, தன் ரெக்கார்டிங் கடையில் நியூ வேவ் என்கிற இங்கிலீஷ் பாட்டு எல்.பி. தட்டு ஒன்றைக் கேசட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். துல்லியத்துக்காகவே மறுபடி அச்சிட்ட கனமான தட்டு. ஆனால் நாலாவது பாட்டோடு முதல் பக்கம் முடிந்ததும் ஸ்பீக்கரில் வெள்ளிமலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தெருவில் ஈ, காக்கை இல்லை. அதே பக்கத்தை முதலிலிருந்து திரும்ப ஏற்றினார். ஹாரன் இன்னும் கிட்டத்தில் கேட்டது. மூன்றாம் முறை பிரேக் சத்தமும் சேர்ந்துகொண்டது.

சாமை மூட்டையோடு தாஹிரா கடைக்குள் வந்தாள்.

"பஸ்ஸே ஓடலியே, இன்னாத்துல வந்தே?"

"பஸ்லதாங்க. வழியெல்லாம் இங்கிலீஷ் பாட்டு!" என்று சிரித்தாள். "சின்னசேலம் போறவங்க இன்னும் பஸ்லயே ஒக்காந்துகினு இருக்காங்க. பஸ் மேல போவணும்னா தட்டைத் திருப்பிப் போடணுமாம், கண்டக்டர் சொல்லச் சொன்னாரு."