சந்தனம் வைத்த டிஸ்க்

ஈஜோக் செம்பனை எண்ணெய் ஆலை ஆபீஸில் காலையில் கம்ப்யூட்டர் படுத்தது. மத்தியானத்துக்குள் வாசு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான்.

'கூப்பிட்டதும் பறந்து வந்துட்டாரு' என்று ஆபீஸில் டைப் அடிக்கும் கலாவதிக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? இந்த ஆலைக்குக் கம்ப்யூட்டர் விற்க இரண்டு கம்பெனிகள் ஆறு மாதம் மல்லுக்கட்டின. ஒன்று கோலாலம்பூர் கம்பெனி. இன்னொன்று வாசு வேலை பார்க்கும் கிள்ளான் கம்பெனி. இவன் ஃபிளாப்பி டிஸ்க்கை அவன் மிஷின் படிக்காது, அவன் டிஸ்க்கை இவன் மிஷின் சீந்தாது. ஒருத்தனிடம் வாங்கினால் காலத்துக்கும் அவனோடுதான் குடித்தனம். எண்பத்தேழாம் வருஷத்துக் கூத்து அது. கடைசியில் கோலாலம்பூர்க்காரன் ஜெயித்தான், வாசு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அது நடந்து மூன்றே மாதம்.

இப்போது, கோலாலம்பூர்க்காரன் வர நாளாகும் என்றதும், மேனேஜர் தம்பிராஜாவே வாசுவைக் கூப்பிட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"நீர் பாத்துச் சொல்லும், வாசு. மிஷின் பிழை எண்டால் அதைத் திருப்பி அனுப்பிப்போட்டு உம்மட மிஷினை எடுக்கிறன். ஆள் பிழை எண்டால் ஆளை அனுப்பிவிடுறன்."

அந்த மிஷினைத் தொடுகிற ஒரே ஆள் கலாவதி. தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவள் அம்மா வேலம்மா அதற்குள் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

வாசு மிஷினுக்குள் இருந்த டிஸ்க்கை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

"தங்கச்சி, நேத்து ஆயுத பூஜையா?"

கலாவதி டிஸ்க்கை எட்டிப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. டைப்ரைட்டருக்குப் பொட்டு வச்சேன், தராசுக்கு வச்சேன், லோரிக்குக்கூட வச்சேன். இதை மட்டும் எப்படிண்ணே விடுறது?"

டிஸ்க்கின் உறையில் இருக்கும் நீள ஓட்டை மேலேயே அப்பியிருந்தாள் சந்தனத்தை. காலையில் உள்ளே தள்ளியதும் அது போய் மிஷினுக்குள் ஒட்டிக்கொண்டது.

வாசு விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிங்கண்ணே. உங்களுக்கென்ன, கொண்டாட்டம்தான்" என்றவளுக்குக் கண் கலங்கியது. குரலைத் தாழ்த்தினாள். "மிஷின் கோளாறுன்னு சொல்லிடுங்கண்ணே. உங்க மிஷினும் வித்துடும், என் வேலையும் பொழைச்சுடும்."

அவன் மிஷினின் மூடியைக் கழற்றினான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு உள்ளே துடைத்தான். அரை மணி நேரம் தலையே நிமிரவில்லை. பிறகு அலமாரியில் இருந்த இன்னொரு டிஸ்க்கைப் போட்டான். மிஷின் முனகிவிட்டு எழுந்தது. மூன்று மாதப் பழத்தின் எடையும் திரையில் வரிசையாக வந்து நின்றது.

"என்னமா செஞ்சிருக்கான் பாரு" என்று மிஷினைத் தட்டிக் கொடுத்தான் வாசு. "எங்களுதா இருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல மிஷின் லா இது. இதைப் போய்க் கோளாறுன்னு சொன்னா எனக்கு அடுக்காது தங்கச்சி."

கலாவதி கணக்குப் போட்டாள். மிஷின் பிழை இல்லையென்றால் மிச்சம் இருப்பது யார் பிழை? தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

சந்தன டிஸ்க்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் மேனேஜர் அறைக்குள் போனான். சாட்சியையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறானே பாவி என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

உள்ளே தம்பிராஜாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. சத்தம் கேட்டு ஆலையில் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வாசு தலையைக் குனிந்துகொண்டே வெளியே வந்தான். கலாவதி பக்கம் திரும்பவே இல்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தான், போய்விட்டான்.

"பிள்ளை, இஞ்ச வாரும்."

கலாவதி உள்ளே போனாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் அந்த நாலடியிலும் யோசித்தாள்.

தம்பிராஜாவுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மிஷின் திறமான மிஷினாம். உம்மிலயும் ஒரு பிழையும் இல்லையாம். நேற்று நீர் சாப்பிடப் போன நேரம் பாத்து உள்ள வந்து, போட்டியில தோத்த ஆத்திரத்தில தன்ர அழுக்கு டிஸ்க்கைப் போட்டுக் கெடுத்தவனாம். அவனே ஒப்புக்கொண்டுட்டான். இனிமேல் அந்த வாசுவை இந்த வாசல் மிதிக்க விடாதேயும்."