நாலு ஏக்கரா

வந்தவர்கள் ஐந்து பேரின் கால்களையும் நாராயணப்பன் தன் கையாலேயே கழுவினார். பித்தளைத் தாம்பாளத்தில் நிற்க வைத்து, வெந்நீர் ஊற்றி, கொப்புளம் உடைந்த இடங்களில் விளக்கெண்ணெய் தடவினார். தளியின் பெரிய பண்ணைக்காரர் இப்படிக் குனிந்ததைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது.

வந்தவர்களில் ஒருவனான முனிவேலின் கண்ணில் மட்டும் வேறொன்று பட்டது. அந்தப் புண்ணியவான் நடுநடுவே முகத்தைத் திருப்பிப் புகையிலைச் சாற்றைத் துப்ப, அதைப் பிடிக்க எச்சில் பணிக்கத்தோடு ஒரு பெண் பக்கத்தில் குனிந்து நின்றாள். கெம்பம்மா, பண்ணையாள். துப்பியதில் கொஞ்சம் அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

முனிவேல் வாத்தியார் வேலையை உதறிவிட்டுப் பூதானத்துக்காக நடக்கக் கிளம்பியவன். இருப்பவர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கி, இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற காரியம். கிருஷ்ணகிரியில் தொடங்கி அவனும் நான்கு தோழர்களும் பதினெட்டு நாள் நடந்ததில் சேர்ந்தது இரண்டரை ஏக்கர் பாறை. செருப்பு அறுந்து, மாவு தீர்ந்து, மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு, தளியில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

பண்ணை வீட்டில் ஒரு குறையும் இல்லை. துணி துவைக்கச் சவுக்காரம் வந்தது, செருப்புத் தைக்க ஆள் வந்தார், மேற்கொண்டு நடக்கத் தேவையான ராகி மாவும் வெல்லமும் நிலக்கடலையும் மூட்டையாக வந்தன. சாப்பாட்டு இலையில் நெய் மிதந்தது.

கொல்லைப்புறத்தில் கெம்பம்மாவும் இன்னும் ஆறு குடும்பத்துப் பண்ணையாட்களும் முந்தின நாள் களியை நீர்மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு முனிவேல் இலையை மூடிவிட நினைத்தான். ஆனாலும் விழுங்கினான். இந்த மனிதரைப் பகைத்துக்கொண்டால் அந்த ஏழு குடும்பத்துக்கும் ஒரு குழி நிலம் தேறாது. தன்னை நினைத்தே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் நாள் மாலை சந்தைத் திடலில் கூட்டம். முனிவேல் பேசி முடித்ததும் நாராயணப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"இவ்ளோ தூரம் நடந்து வந்து பூதானம் கேக்கறாங்க. இல்லேன்னு அனுப்புனா தளிக்கே கேவலம். ஏரிக்கரையில நம்ம சாமந்தி போட்டிருக்கற நாலு ஏக்கரா இருக்குதே, அதுல இருக்கறது அத்தனையும் குடுக்கறேன். காலையில வந்து எடுத்துக்கோங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முனிவேல் தானப்பத்திரத்தை நீட்டினான். எல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பண்ணைக்காரர் அவன் கையை அமர்த்தினார்.

"சுமக்கறதுக்கு ஆளு இருக்குதுங்களா?"

நிலத்தைக் கட்டி ஆளுகிற பாரத்தைத்தான் சொல்கிறார் என்று முனிவேல் நினைத்தான். இந்த ஊரிலேயே ஏழு குடும்பம் இருக்கிறது, அவர்கள் சுமப்பார்கள் என்றான். அது போதும் என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கம்போலத் துப்புவதற்குத் திரும்பினார்.

கெம்பம்மா பணிக்கத்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"சாமி, இனிமே நீங்களே புடிச்சிக்கோங்க."

பண்ணைக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார். எவ்வளவு பெரிய மனசு என்று முனிவேல் உருகிப்போனான். இவரைப் போய் இரண்டு நாளாக அருவருத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

இருட்டுவதற்குள் பண்ணையிலிருந்து ஆள் வந்தான். வேலை வேண்டாம் என்கிறவர்களுக்குப் பண்ணை நிலத்தில் குடிசை எதற்கு என்று ஐயா கேட்கிறாராம். ஏழு குடும்பமும் அதைச் சந்தோஷமாகவே கேட்டுக்கொண்டு சட்டி பானைகளை மூட்டை கட்டின. இனி யார் எச்சிலையும் ஏந்த வேண்டியதில்லை என்று சொல்லி, முனிவேல் ஏழு பெயர்களையும் வரிசையாக எழுதிக்கொண்டான்.

மறுநாள் பனி விலகுமுன்பே எல்லோரும் மூட்டையும் மண்வெட்டியுமாக ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். முனிவேல் அளவுக் கயிற்றைத் தோளில் போட்டிருந்தான். வேடிக்கை பார்க்கப் பாதி ஊரும் கூடியிருந்தது.

தோட்டத்துக்குள் பேரிகை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் இருபது பேர் நின்றார்கள். செடிகளில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. பறித்த சாமந்தி முழுவதும் ஈரச் சாக்குகளில் திணிக்கப்பட்டு வரப்போரம் வரிசையாகக் கிடந்தது.

நாராயணப்பன் கைகூப்பி வரவேற்றார். சீக்கிரம் ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். வெயில் ஏறினால் வாடிவிடுமாம்.

முனிவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையிலிருந்து தானப்பத்திரத்தை எடுத்துப் பிரித்து, நிலத்துக்கான கையெழுத்தை இங்கே போடவேண்டும் என்று இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

பண்ணைக்காரர் பத்திரத்தைப் பார்த்தார். மூட்டையோடு நின்ற கெம்பம்மாவைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்பவும் பணிவாகக் கேட்டார்.

"நெலமா வாத்தியாரே? நீங்க பூ தானந்தானே கேட்டீங்க?"