பதினேழாவது தட்டு

பைக்குள் இருந்து முதலில் செப்புக் கம்பி வந்தது. பிறகு ஒரு குட்டி மின்விளக்கு. கடைசியாக மூடி போட்ட தகரத் தட்டு. மூன்றையும் மேசையில் பரப்பிவிட்டு, சோதனைச் சாவடி சார்ஜன்ட் ஹிஷாமை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன இது, குண்டு செய்யப் போறியா?"

"இல்ல சேர். கெம்பஸுக்குக் கொண்டு போறன். இண்டைக்கு எனக்குக் கடைசிப் பரீட்சை."

பொய்யில்லை. தேங்காயெண்ணெயை உப்புத்தண்ணீரில் பொடித்துளியாக அடித்துக் கலந்து, கடற்பாசி போட்டு இறுக்கிய வெள்ளைக் கட்டி அது. உப்பின் அயன்கள் அதற்குள் ஓடி மின்சாரத்தைக் கடத்தும். பற்றரிக்குள் திரவத்துக்குப் பதிலாக வைக்கலாம். முதல் ஆராய்ச்சிக் கொப்பிகளைச் சுனாமி கொண்டு போய் நாலு வருசம். பதினாறு தட்டு வெடித்தும் ஒழுகியும் வீணாகி, பதினேழாவதுதான் நேற்று விளக்கை எரித்தது. இன்று இரண்டு மணிக்குப் பரீட்சகர்கள் முன்னால் எரியாவிட்டால் அவனுடைய பட்டப் பதிவு ரத்து.

வீட்டு பிரிட்ஜில் தங்கச்சி நஸ்லா நோன்பு திறக்கச் செய்து வைத்த இனிப்புத் தட்டுகளை ஒதுக்கித்தான் அதற்கு இடம் பிடித்திருந்தான். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகி, மூடியைத் திறந்து பார்க்காமலே தட்டை இழுத்தெடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

சார்ஜன்ட் மூடியைத் திறந்தான். முகம் மலர்ந்தது.

"அடே, கடற்பாசி இனிப்பு! நோன்புக்கு உங்கட ஆக்கள் எங்களுக்கும் தாறவங்கதானே."

"இது தின்னிற சாமான் இல்ல சேர். உப்புக் கட்டி. வாயில வைக்க ஏலா."

"தின்ன ஏலாட்டி கேம்ப்புக்கு அனுப்பவேணும், மல்லி." தம்பி என்பதை அவன் சிங்களத்தில்தான் சொன்னான். " செக் பண்ணிப் பின்னேரம் தருவாங்க. தின்னிறதெண்டா இப்பவே போகலாம். எது, சொல்லு?"

பின்னேரம் தட்டு வந்தென்ன, வராவிட்டாலென்ன. வெயிலில் நின்று ஹிஷாமுக்குக் கால் கடுத்தது. வாதாடத் தெம்பில்லை. ஒரு மூலை போனால் போகட்டும், மிச்சம் விளக்குக்குப் போதும்.

"தின்னிறதுதான் சேர்."

"அப்ப நீ முதல்ல தின்னு."

"நோன்பு, சேர்."

"சரி, செத்தா நான்தான் சாகணும்."

சார்ஜன்ட் பேனாக்கத்தியால் ஒரு மூலையை வெட்டி வாயில் போட்டான். காறித் துப்பப் போகிறான் என்று ஹிஷாம் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

அவன் துப்பவில்லை. ஆறுதலாக மென்று விழுங்கினான். இன்னொரு துண்டு வெட்டினான்.

"சீனிதான் கொஞ்சம் கூடிப்போச்சு, மல்லி."