அம்மா வெளியே இருக்கட்டும்

"அம்மா உள்ள வர வேண்டாம். வெளியே போகச் சொல்லுங்க."

ஒன்பது வயசு சிஹோ, பெற்ற தாயின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஜப்பானில், ஓகயாமாவில் ஒரு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிற வேலை எனக்கு. இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் அம்மா தங்கள் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று அழுவார்கள். அம்மாவை விரட்டுகிற பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மா மயூமி பாவம். உள்ளே வருவதற்காக மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மூளையில கட்டின்னு அவளுக்குத் தெரியாதுங்க. பள்ளிக்கூடப் பை கனம், முதுகு வளைஞ்சிருக்கான்னு பார்க்கப் போறாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. பயந்துடுவா."

எங்கள் ஊரில் இது புதிதில்லை. நோயாளியைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். தலையாட்டி வைத்தேன்.

குழந்தைகளுக்கு அபூர்வமாக வருகிற கட்டி அது. முதுகுத்தண்டுக்கும் பரவியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் வைத்தியத்தை ஆரம்பிக்க முடியும். கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து இன்னொரு நாள் எடுக்க வேண்டும், வைத்தியமும் தள்ளிப்போகும்.

மயூமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினேன். கோபம் அடங்கவில்லை.

"அம்மா மனசு என்ன பாடுபடும்னு கொஞ்சமாவது நினைச்சுப் பார்த்தியா?"

"நீங்க படத்தை எடுங்க பெரியம்மா."

பெரியம்மாவாம். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

படுக்க வைத்தேன். மேலே பார்த்தபடியே கேட்டாள்.

"எதுவரைக்கும் எடுப்பீங்க?"

"கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும். பை தூக்கித் தூக்கி முதுகு வளைஞ்சிருக்கான்னு..."

"அதுக்குக் குனியச் சொன்னாலே போதுமே. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் பார்த்தாங்க. எனக்கு வளையலை."

தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்தேன்.

"தலையில இருக்கற கட்டி முதுகுக்கு இறங்கியிருக்கான்னுதானே பார்க்கறீங்க? அம்மா ஃபோன்ல தேடிப் பார்த்தது அப்படியே இருந்துச்சு. படிச்சேன்."

இதற்கு மேல் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "இவ்வளவு தெரிஞ்சிருந்தும் ஏன் அவங்களை அனுப்பிட்டே? அம்மா கூட இருந்தா தைரியமா இருக்குமே."

சிஹோ இரண்டு கைகளையும் ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா பார்த்துட்டு இருந்தா, எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிச்சுட்டே இருக்கணும். நடிச்சுக்கிட்டே அசையாம எப்படிப் படுக்கறது?"