டைம்கோடு வரல

"அண்ணாச்சி, டைம்கோடு வரல. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் அமுக்குதேன்."

ஹெட்செட்டில் பிரியதர்ஷினியின் குரலைக் கேட்டதும் இசக்கிமுருகன் பதறிப்போய்க் கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானம் நிறைந்துவிட்டது. தாமிரபரணி நாட்டிய நாடகத்துக்காக நீலத் தாவணி கட்டிய பிள்ளைகள் மேடையில் தயாராக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எல்.ஈ.டி. திரை முழுக்கப் பொதிகை மலை.

விளக்கு அவளுடையது, வீடியோ இவனுடையது. மைதானத்தின் பின்கோடியில், பந்தலுக்குள் அவள். மேடையோரம் இவன்.

இருவருக்கும் நடுவில்தான் அந்த டைம்கோடு. சவுண்டு பார்க்கும் பீர் மைதீனின் லேப்டாப்பில் பாட்டு ஓடும்போது, கூடவே தனி வயரில் மணி, நிமிடம், நொடி என்று எண்களும் ஓடும். ஸ்பீக்கருக்கு அது போகாது. இவன் கம்ப்யூட்டருக்கும் அவள் லைட் போர்டுக்கும் மட்டும் போகும். குறித்த நொடி வந்ததும் படமும் வெளிச்சமும் தாமாகவே ஒன்றாக மாறிக்கொள்ளும்.

அது வருவதற்கு முந்தைய காலம் இசக்கிமுருகனுக்குப் பொற்காலம். படத்தைப் பார்த்து இவன் "விடு" என்பான், அவள் பொத்தானை அமுக்குவாள். வெளிச்சம் மெதுவாக மாற வேண்டுமென்றால் "பைய விடு". நிகழ்ச்சி முழுக்க அவள் காதில் இவன் குரல்தான்.

பிறகு எண்கள் வந்தன. வேலை சுத்தமானது. பேச்சு நின்றது.

அவள் அண்ணாச்சி என்று கூப்பிடுவதை இவன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெல்லையில் மளிகைக்கடைக்காரர் முதல் எம்.எல்.ஏ. வரை எல்லாரும் அண்ணாச்சிதானே என்று தன்னைத் தேற்றிக்கொள்வான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவன் இத்தனை நாளில் வாயே திறக்கவில்லை. இன்று மத்தியானம் சாப்பிடும்போது அவள் பீர் மைதீனிடம் ஒரு சேதி சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வள்ளியூரிலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகுதான் அந்தக் கோட்டிக்காரத்தனம். அவள் போர்டுக்குப் போகிற டைம்கோடு வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. பிடுங்கினால் பழையபடி பேசித்தானே ஆகவேண்டும்? பந்தலில் ஆளில்லாத நேரம் பார்த்து வயரில் கையும் வைத்துவிட்டான். சோறு போடுகிற தொழிலுக்குத் துரோகம் பண்ணாதே என்று மனசாட்சி இடிக்க, கையை எடுத்துவிட்டான்.

தொட்டதற்கே கழன்றுவிட்டதா?

ஹெட்செட்டிலேயே பீர் மைதீனைக் கேட்டான். என் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் ஏனோ சிரித்தார். ஓடிப்போய்ப் பார்க்க நேரமில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இவன் "விடு" என்றான். பொதிகையில் விடிந்தது.

"விடு." திரையில் பாணதீர்த்தம் கொட்டிய அதே நொடியில் மேடை வெள்ளை வெளேரென்றானது. முன்வரிசையில் ஒரு குழந்தை தன் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

சேரன்மாதேவி வயலுக்குப் பச்சை. கொக்கிரகுளத்துப் பாலத்துக்குச் சாயங்கால வெயில், அதற்குப் பைய விடு. ஓரிடத்திலும் பிசகவில்லை. இசக்கிமுருகனுக்குப் பயம் போய், வாயெல்லாம் பல்லாகிவிட்டது. இப்படியே ஆறு ஓடிக்கொண்டே இருந்தால் தேவலை என்று நினைத்தான்.

ஆனால் ஆறு புன்னைக்காயலுக்கு வந்துவிட்டது. கடலில் கலந்ததும் திரை இருளும், கூடவே மேடையும் மொத்தமாக இருள வேண்டும். இன்னும் ஒரே ஒரு "விடு"தான் பாக்கி. அதைச் சொன்னால் அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிடுவாள். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

திரை இருண்டது.

"விடாத, பிரியா."

மேடையில் நீல வெளிச்சம் அப்படியே நின்றது. கும்பிட்ட கையோடு பிள்ளைகளும் நின்றார்கள்.

தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் பையப் பையக் குறைந்து அடங்கியது. முடிவையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இசக்கிமுருகன் மாற்று வயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினான். வயரைப் பார்க்கிற சாக்கில் மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று எண்ணம்.

வயர் இருந்த இடத்தில் இறுக்கமாகத்தான் இருந்தது.

கைதட்டுகிற சந்தோஷத்தில் பீர் மைதீன் லேப்டாப்பை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. பிரியதர்ஷினியின் லைட் போர்டில், மேல்மூலையில், டைம்கோடு எண்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கேட்டு நடக்கச் சொல்லும் பொத்தானை மட்டும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

இவன் எண்களைப் பார்த்தான். இவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அவிய வெள்ளிக்கெழம சாயந்திரம்தான் வாராவ. நீங்க காலையில மொத பஸ்ஸுக்கே உங்க அம்மையக் கூட்டிட்டுக் களக்காட்டுல எங்க வீட்டுக்கு வந்துருங்க."